பாடத் தெரியும் சரி... பாட்டு சொல்லிக்கொடுக்கத் தெரியுமா? மந்தைவெளியில் இருந்து ஒரு கைடு!

சாயங்காலம் ஆறு மணிக்கு மந்தைவெளித் தெருக்களில் சும்மா ஒரு வாக் போய்ப் பாருங்க. மார்க்கெட் சத்தம், பஸ் ஹாரன் எல்லாத்தையும் தாண்டி, ஏதாவது ஒரு அப்பார்ட்மென்ட்டின் ரெண்டாவது மாடியிலிருந்து சரளி வரிசை காதில் விழும். டி.எம்.சௌந்தரராஜன் வாழ்ந்த ஏரியா இது. அவர் வசித்த மேற்கு வட்டச் சாலைக்கு 2023-ல் அவர் பெயரையே வெச்சாங்க. பாட்டுக்கும் இந்த ஏரியாவுக்கும் அவ்வளவு நெருக்கம்.

அந்த ரெண்டாவது மாடியில் பாட்டு கிளாஸ் எடுக்கிறது நீங்களாகவும் இருக்கலாம். பகலில் ஐ.டி வேலை அல்லது காலேஜ், சாயங்காலம் எட்டு பசங்களுக்கு பாட்டோ கீபோர்டோ. சின்ன வயசிலிருந்து கத்துக்கிட்டீங்க, நல்லா பாடுறீங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்டாங்க, ஆரம்பிச்சுட்டீங்க. ஆறு மாசத்தில் எட்டு பேர் நாலு பேரா ஆகியிருப்பாங்க. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல' என்று நினைச்சிருப்பீங்க. (கீதத்தோடு கிளாஸை விட்டு ஓடிய ஆள் என்ற முறையில் சொல்றேன், பொறுமை மட்டுமே காரணம் இல்லை!)

பாடுவது ஒரு திறமை. பாடச் சொல்லித் தருவது வேறொரு திறமை. முதலாவது இருந்தால் இரண்டாவது தானா வந்துடும் என்று நாம நினைச்சுக்கிறோம். ஆனா சென்னை தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே அப்படி நினைக்கலை.

1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி எழுந்த யோசனையில், 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கியது. கச்சேரி நடத்துவதோடு நிற்காமல், 1931-லேயே அகாடமி ஒரு கல்லூரியும் ஆரம்பித்தது. அதன் பெயரைக் கவனியுங்க: 'டீச்சர்ஸ் காலேஜ் ஆஃப் மியூசிக்'. பாடகர்களுக்கான கல்லூரி இல்லை, ஆசிரியர்களுக்கான கல்லூரி. முடிகொண்டான் வெங்கடராம அய்யர் போன்ற பெரிய வித்வான்கள் பிற்பாடு அதன் முதல்வராக இருந்தார்கள்.

ஏன் அந்தத் தேவை வந்தது? குருகுலத்தில் ஒரு குருவோடு சில சிஷ்யர்கள் வருஷக்கணக்கில் தங்கிக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டாங்க. அங்கே தனியா ஒரு 'டீச்சிங் மெத்தட்' அவ்வளவா தேவைப்படலை. ஆனா பாட்டு பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் வந்தபோது, முன்னால் ஒரு வகுப்பே உட்கார்ந்திருந்தது. மணி அடிச்சா எழுந்து போயிடும்! ராணி மேரி கல்லூரியிலும் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இசை சொல்லிக்கொடுத்த பேராசிரியர் பி.சாம்பமூர்த்தி, இசை கற்பித்தலுக்கென்றே 'தி டீச்சிங் ஆஃப் மியூசிக்' என்று தனிப் புத்தகம் எழுதினார். உங்க ஹால்ல உட்கார்ந்திருக்கும் எட்டு பேரும் அதே மாதிரி ஒரு வகுப்புதான். ஆனா நீங்க கத்துக்கிட்டது பெரும்பாலும் ஒருத்தருக்கு ஒருத்தர் முறையில். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது.

உங்க சுருதி, அவங்க தொண்டை

ரொம்ப சாதாரணமா நடக்கும் தப்பு இது. டீச்சர் தனக்கு வசதியான கட்டையில் சுருதிப் பெட்டியை வெச்சுட்டு உட்கார்ந்துடுவார். எட்டு குழந்தைங்களும் அதிலேயே பாடணும். ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. குழந்தை மேல் ஸட்ஜமத்தைத் தொடும்போது கழுத்து நரம்பு புடைக்குதா, தாடை தூக்குதா? கீழ் ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு இறங்கும்போது சத்தம் வெறும் காற்றா போகுதா? ரெண்டில் எது நடந்தாலும் சுருதி அந்தக் குழந்தைக்குப் பொருந்தலைன்னு அர்த்தம். குரூப்பை வயசு வாரியா மட்டும் பிரிக்காம, சுருதி வாரியாவும் பிரிக்கலாம்.

பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். ஏறக்குறைய 12-லிருந்து 15 வயசுக்குள் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் உடையும். நேற்று வரை வந்த ஸ்வரம் இன்னைக்கு வராது. 'ப்ராக்டீஸ் பண்ணலையா?' என்று அந்த நேரத்தில் திட்டினால், பையன் அதோட பாட்டையே விட்டுடுவான். சுருதியை இறக்கி, சத்தத்தைக் குறைச்சு, கொஞ்ச மாசம் தாளம், ராகம் கேட்டுக் கண்டுபிடிப்பது, நொட்டேஷன் எழுதுவது என்று ஓட்டலாம். இதைத் தெரிஞ்சு வெச்சிருக்கிற டீச்சரிடம்தான் அவன் 17 வயசிலும் பாடிக்கிட்டிருப்பான்.

உங்க தொண்டையும் முக்கியம். நாள் முழுக்க மீட்டிங்கில் பேசிட்டு, சாயங்காலம் எட்டு பேர் சத்தத்துக்கு மேல் பாடுறீங்க. கரகரப்பு மூணு வாரத்துக்கு மேல் நீடித்தால் மிளகுப் பாலோடு நிறுத்தாம காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்க.

தம்புராவை இரைச்சல்னு நினைக்கும் ஆப்

நியூ ஜெர்சி குழந்தைக்கு ஆன்லைனில் கிளாஸ் எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ஜூம் மாதிரியான ஆப்கள் மனுஷப் பேச்சை மட்டும் வெச்சுக்கிட்டு, விடாமல் ஒலிக்கும் எந்தச் சத்தத்தையும் ஃபேன் சத்தம் மாதிரி நினைச்சு அழுத்திடும். தம்புராவும் விடாமல் ஒலிப்பதுதானே! அதனால குழந்தைக்கு சுருதியே சரியா கேட்காது. செட்டிங்ஸில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை ஆன் பண்ணுங்க. இன்னும் நல்லது, குழந்தையின் வீட்டிலேயே சுருதி ஆப்பை ஓடவிடச் சொல்லுங்க. சத்தம் போய்ச் சேர எப்பவும் கொஞ்சம் தாமதம் இருக்கும் என்பதால் ரெண்டு பேரும் சேர்ந்து பாடவே முடியாது. நீங்க பாடி நிறுத்தணும், அவங்க திருப்பிப் பாடணும். அவங்க பாடும்போது நீங்க வாயைத் திறக்கக் கூடாது. நேர் வகுப்பிலும் இந்தப் பழக்கம் நல்லதுதான். நம்ம குரலுக்குப் பின்னால் ஒளிஞ்சு பாடும் குழந்தை எங்கே தப்பு பண்ணுதுன்னு அப்பத்தான் தெரியும்.

எங்கே போய்க் கத்துக்கிறது?

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து அடுத்த ஸ்டாப் கிரீன்வேஸ் ரோடு. அந்தப் பக்கம்தான், பிராடி கேஸில் என்ற 18-ம் நூற்றாண்டுப் பங்களாவில், அரசு இசைக் கல்லூரி இருக்கு. 1949-ல் முசிறி சுப்பிரமணிய அய்யரை முதல்வராகக் கொண்டு தொடங்கியது. இப்போ 2013-ல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருது. இசைக்கலைமணி டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓராண்டு 'இசை ஆசிரியர் பயிற்சி' என்று தனிப் படிப்பே இங்கே உண்டு. அரசுப் பள்ளி வேலை உங்க கனவு என்றால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தொழில்நுட்பத் தேர்வுகள் பற்றியும் விசாரிச்சு வெச்சுக்கோங்க. தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்ப்பது நல்லது.

கீபோர்டு, கிட்டார் டீச்சர்களுக்கு டிரினிட்டி தேர்வு பழக்கமா இருக்கும். எட்டாம் கிரேடோடு கதை முடிஞ்சதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதுக்கு மேல டிப்ளமோக்கள் இருக்கு, அதிலும் வாசிப்புக்கு ஒன்று, கற்பித்தலுக்கு ஒன்று என்று தனித்தனியா.

வருஷம் முழுக்கப் படிக்க நேரம் இல்லையா? டிசம்பர் சீசனில் எல்லாரும் கேன்டீன் பக்கம் ஓடும்போது, நீங்க காலையில் அகாடமியில் நடக்கும் லெக்-டெம்களுக்குப் போங்க. ஒரு கிருதியைப் பிரிச்சு, விளக்கி, பாடிக் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்வது எப்படின்னு வித்வான்களே செஞ்சு காட்டுற இடம் அது. விஷயத்தை மட்டும் குறிச்சுக்காம, அவங்க எதை முதலில் சொன்னாங்க, எப்போ பாடிக் காட்டினாங்க என்பதையும் நோட் பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி, இந்த வாரமே ஒண்ணு செய்யலாம். பெற்றோரிடம் சொல்லிட்டு, உங்க ஒரு மணி நேர கிளாஸை போனில் ஆடியோ ரெக்கார்டு பண்ணுங்க. ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேளுங்க. ஒரு பேப்பரில் ரெண்டு கோடு போட்டு, நீங்க பேசின, பாடின நிமிஷங்களை ஒரு பக்கமும், பசங்க பாடின நிமிஷங்களை இன்னொரு பக்கமும் எழுதுங்க. அந்த நாலு பேர் ஏன் நின்னாங்கன்னு பாதிப் பதில் அந்தப் பேப்பரிலேயே இருக்கலாம்.