தைராய்டைத் தேடிப் போகும் அயோடின்

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்க அயோடின் தேவை. ரத்தத்தில் கலக்கும் அயோடினை வேறெந்த உறுப்பையும்விட அதிகமாக அதுதான் இழுத்து வைத்துக்கொள்கிறது. சாதாரண அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதற்குத் தெரியாது. 1941-இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்த நோயாளிக்கு மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் கதிரியக்க அயோடின் கொடுத்தது இதை நம்பித்தான்.

இன்று சிகிச்சைக்குப் பயன்படுவது அயோடின்-131. எட்டு நாளில் அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும். அது வெளியிடும் பீட்டா கதிர்கள் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவே பாயும் என்பதால், அயோடினை உறிஞ்சிய செல்கள் அழியும், அக்கம்பக்கம் பெரும்பாலும் தப்பிக்கும். கூடவே வரும் காமா கதிர்களோ உடம்பைத் தாண்டி வெளியேறும். மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை காமா கேமரா அவற்றைக் கொண்டு படமெடுக்கும். வெறும் ஸ்கேனுக்கு இத்தனை கதிர் வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் டெக்னீசியம்-99எம் போதும். அதையே வெவ்வேறு மருந்துகளோடு இணைத்து எலும்பு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கும் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லப்படும் கதிர்வீச்சு சிகிச்சையோடு கதிரியக்க அயோடின் சிகிச்சையைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இதில் இயந்திரத்தின் கீழே படுக்க வேண்டியதில்லை. கேப்ஸ்யூலாகவோ திரவமாகவோ வாயால் விழுங்குவதுதான். சுரப்பு மிகுதிக்குக் குறைந்த அளவே போதும். பலரும் அன்றே வீடு திரும்புவார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு, அறுவை சிகிச்சையில் சுரப்பியை அகற்றிய பிறகு, எஞ்சிய செல்களை அழிக்க அதிக அளவு கொடுக்கப்படுவதும் உண்டு. அதற்கு முன் ஓரிரு வாரம் அயோடின் உப்பு, கடல் மீன், பால், முட்டை கூடாது. அயோடினுக்கு ஏங்கிக் கிடக்கும் செல்தான் மருந்தை நன்றாக இழுக்கும்.

அதிக அளவு பெற்றவர் தனி அறையில் இருக்க வேண்டும். கதிரியக்கம் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறுவதால், அந்தக் கழிவுநீரைத் தனித் தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியே விடுவார்கள். நோயாளி நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வீடு திரும்பியதும் மருத்துவர் சொல்லும் நாள்வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது. கர்ப்பிணிக்கு இந்தச் சிகிச்சை அறவே கிடையாது. கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டும் அயோடினை இழுக்கும். தாய்ப்பால் கொடுப்பவர்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

சுரப்பு மிகுதி உள்ளவர்களுக்குப் பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பின்னர் சுரப்பு தேவைக்கும் கீழே போய், பலர் ஆயுள் முழுக்க தைராக்சின் மாத்திரை போட நேரும். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய்க்கு இந்த வைத்தியம் பலிக்காது. அந்தச் செல்கள் அயோடினை ஏற்பதில்லை.