பெட்ரோல் வாடை வருகிறதா?

தை பிறந்தால் முதலமடையில் மாங்காய் வேலை சூடு பிடிக்கும். தோப்புக்கும் கடைவீதிக்கும் பலமுறை போய் வர வேண்டும். அதற்கென்று ஒரு குடும்பம் பழைய மாருதி கார் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் கார் மாமர நிழலில் நிற்கும். இரவில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நிற்கும். கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

"ஏனுங்க, அடுப்படி வரைக்கும் பெட்ரோல் வாடை வருதுங்களே?"

"பழைய வண்டின்னா அப்படித்தான் புள்ள இருக்கும்."

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் பதில் தவறு. எவ்வளவு பழைய வண்டியானாலும் நிறுத்தி வைத்திருக்கும்போது வாடை வரக் கூடாது. வந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். வண்டி ஓட்டுபவரின் மூக்குக்கு வாடை பழகிவிடும். புதிதாக ஏறுபவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் சொன்னால் கேளுங்கள்.

ஆவிதான் எரிகிறது

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் அப்படி அல்ல. உறைபனிக் குளிரிலும் அது ஆவி விடும். பாலக்காட்டுக் கோடை வெயிலில் கேட்கவா வேண்டும்?

நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தால் போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு தவழும். பள்ளத்தில் தேங்கும். கதவிடுக்கு வழியாக அடுப்படிக்கும் போகும்.

நெருப்பு மட்டும்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. நெடுநாள் சுவாசித்தால் அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். காருக்குள் தூங்கும் குழந்தையும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது.

வாடை எப்போது வருகிறது?

கசிவைத் தேடும் முன் இதைக் கவனியுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

டேங்கை நிரப்பிய அன்று மட்டும் வாடை வருகிறதா? நெல்லியாம்பதி மலை ஏறும்போது வருகிறதா? அப்படியானால் கோளாறு டேங்கின் மேல்பக்கத்தில் இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் இணைக்கும் தடித்த ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். அளவு காட்டும் கருவியின் அடியில் உள்ள கேஸ்கெட் காய்ந்திருக்கலாம்.

சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு வருகிறதா? கார்புரேட்டரைப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் அதிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகும். கேஸ்கெட் சரியில்லை என்றால் வெளியே வரும். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தாலும் இப்படி வரும்.

எப்போதும் வருகிறதா? இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் ஈரம் எங்கே என்று பாருங்கள். பெட்ரோல் சீக்கிரம் காய்ந்துவிடும், கறை தங்கும்.

தேடும்போது வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். எஞ்சின் ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பீடி, தீக்குச்சி, அடுப்பு எதுவும் அருகில் வேண்டாம். பேட்டரி டார்ச் போதும். அதையும் தள்ளி நின்று போட்டுக்கொண்டு வாருங்கள். ரப்பர் குழாய்களை மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைவில்தான் வாய் திறக்கும்.

ஏன் ரப்பர் கெட்டுப் போகிறது?

முதல் காரணம் வயது. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. கார்புரேட்டர் உள்ள வண்டிகள் அதற்கும் மிகப் பழையவை.

இரண்டாவது, எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது. பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சில ரப்பர் ஊதும், சில இறுகி வெடிக்கும்.

மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். வண்டு! அரிசி அளவுகூட இல்லாத ஒரு துளைப்பான் வண்டு. நோயுற்ற மரத்திலிருந்து இயற்கையாகவே எத்தனால் வாடை வரும். பெண் வண்டு அந்த வாடையைப் பிடித்து வந்து, மரத்தைத் துளைத்து, உள்ளே பூஞ்சை வளர்த்துத் தன் குஞ்சுகளை வளர்க்கும். மாமரத்தையும் அது விடுவதில்லை. பெட்ரோல் குழாயிலும் எத்தனால் வாடை வந்தால்? மரம் என்று நினைத்துத் துளை போடுகிறது. குண்டூசி அளவுத் துளைதான். ஆனால் கசிவுக்கு அது போதும். கேரளத்தில் வண்டிகள் தீப்பிடித்தது பற்றி 2023-இல் பேச்சு எழுந்தபோது இந்த வண்டும் பேசப்பட்டது. அமெரிக்காவின் லூசியானாவில் இதன் உறவுக்கார வண்டு பெட்ரோல் கேனையே துளைத்திருக்கிறது. ஆகவே மாந்தோப்பு நிழல் சுகமானாலும், பட்டுப்போன மரத்துக்கும் விறகுக் குவியலுக்கும் பக்கத்தில் பெட்ரோல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

எப்படிச் சரி செய்வது?

வெடித்த குழாயை ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். பெட்ரோலுக்கென்று விற்கும் ஹோஸ்தான் வேண்டும். எத்தனாலைத் தாங்குமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் ஆகாது. வண்டு தொல்லை உள்ள இடத்தில் கம்பி வலை போர்த்திய ஹோஸ் நல்லது. கிளிப்பும் புதிதாகப் போடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளிப்பே ரப்பரை வெட்டிவிடும். மூடியின் வளையம், கேஸ்கெட் போன்றவை விலை குறைந்தவை. யோசிக்காமல் மாற்றலாம்.

சில வண்டிகளில் கரி நிரப்பிய டப்பா ஒன்று இருக்கும். டேங்கின் ஆவியை அது பிடித்து வைத்து, வண்டி ஓடும்போது எஞ்சினுக்குக் கொடுக்கும். பங்கில் பெட்ரோல் தானாக நின்ற பிறகும் கழுத்துவரை ஊற்றச் சொன்னால் கரி நனைந்து கெடும். காசு கொடுத்துக் கோளாறு வாங்குவது இதுதான்.

டேங்கில் ஓட்டை என்றால் சோப்பு வைத்து அடைப்பார்கள். பட்டறை போய்ச் சேரும்வரைகூட அதை நம்ப முடியாது. அங்கே "டேங்க் காலிதானே, வெல்டிங் வைக்கலாம்" என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் கொடியது. அதற்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். பொறி பட்டால் வெடிகுண்டுதான். டேங்கை முறையாகச் சுத்தம் செய்து ஆவியைப் போக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். வேறு டேங்க் மாற்றுவது இன்னும் நல்லது.

நம் மாருதிக்கு என்ன ஆனது? டேங்க் வாய்க் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மெக்கானிக் மாற்றிவிட்டார். அன்றிரவு அந்த அம்மா கொட்டகையில் புது அட்டை விரித்தார். விடிந்ததும் எடுத்து முகர்ந்து பார்த்தார். அட்டை வாசம்தான் வந்தது. அதன் பிறகே அடுப்பு மூட்டினார்.