பழுதான இதயத்தை ஸ்டெம் செல் சரிசெய்யுமா?

"இந்தியாவில் ஏதோ ஊசி போட்டால் இதயம் திரும்ப வளருமாமே, உண்மையா?" புத்தளம் கரையோரத்தில் மாரடைப்பு வந்தவர்களின் வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு கற்பிட்டியிலும் பாலாவியிலும் ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கியவர்களில் பலருக்கு இன்று வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பாடுபட்டு வாங்கிய காணியை விற்றாவது அந்த ஊசியைப் போட்டுவிட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி அடைபட்டால், ஒட்சிசன் கிடைக்காமல் அந்தப் பகுதிக் கலங்கள் இறந்துவிடுகின்றன. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளரும். இதயத் தசை அப்படி வளராது. 25 வயதிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதக் கலங்கள்தான் புதிதாகின்றன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். இறந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். இதயம் பலவீனப்பட்டு, நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

பலவகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக்கலங்களையே ஸ்டெம் செல் என்கிறோம். எலும்பு மச்சையிலுள்ள இக்கலங்கள் எலியின் இதயத்தைச் சரிசெய்ததாக 2001இல் அமெரிக்காவில் பியேரோ அன்வெர்சாவின் குழு அறிவித்தது. உலகமே நம்பியது. ஆனால் மற்ற ஆய்வுகூடங்களில் அந்த முடிவு கிடைக்கவில்லை. பின்னர் அவர் பணியாற்றிய ஹார்வர்ட் பல்கலைக்கழகமே, 2018இல், அவரது ஆய்வுக்கூடத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப்பெறச் சொன்னது.

நம்பிக்கை முற்றாக அழிந்துவிடவில்லை. ஜப்பானின் ஷின்யா யமனகா 2006இல் சாதாரண கலத்தையே மூலக்கலமாக மாற்றிக் காட்டினார். அந்த முறையில் வளர்த்த தசைத் தகடுகளை 2020இல் ஒசாகா வைத்தியர்கள் நோயாளியின் இதயத்தில் பொருத்தினார்கள். ஜேர்மனியிலும் இத்தகைய பரிசோதனை நடக்கிறது. புதிய கலங்கள் இதயத் துடிப்பைக் குழப்பிவிடும் ஆபத்தும் உண்டு என்பதால் மிகக் கவனமாகவே செய்கிறார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலும், இதயநோய்க்கு இதை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே கொடுக்கக்கூடாது என்றே சொல்கிறது. ஆகவே யாராவது பெருந்தொகை கேட்டு, குணமாகும் என்று உறுதியும் தந்தால், காணி உறுதியை எடுக்காதீர்கள்.

இறந்த தசையை மீட்பதைவிட, இறக்கவிடாமல் காப்பதே இன்று நம் கையில் இருக்கிறது. நெஞ்சு இறுகி, வியர்த்து, இடது கை வலித்தால் வாயுக்கோளாறு என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எங்கள் மக்கள் மறக்க முடியாத ஆண்டும் அதுதான். இலக்கத்தைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.