முதல் மேப் யாருக்கு?

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வீடியோ கேமின் பெரிய போட்டிகளான மேஜர்களில் அடுத்தடுத்து மூன்று இறுதியாட்டங்கள் ஒரே மாதிரி முடிந்தன: முதல் மேப்பை வென்ற அணிக்குக் கோப்பை கிடைக்கவில்லை. 2017 ஜனவரியில் அட்லாண்டாவில் முதல் மேப்பான, அதாவது முதல் ஆட்டக்களமான, நியூக்கை விர்ட்டஸ் ப்ரோ 16-12 என்று வென்றது; கோப்பை ஆஸ்ட்ராலிஸுக்குப் போனது. அதே ஆண்டு ஜூலையில் கிராக்கோவில் இம்மார்ட்டல்ஸ் முதல் மேப்பில் கேம்பிட்டை 16-4 என்று துவைத்தெடுத்தது. அடுத்த இரண்டையும் பறிகொடுத்தது. 2018 ஜனவரியில் பாஸ்டனில் முதல் மேப் ஃபேஸுக்கு, கோப்பை கிளவுட் 9 அணிக்கு. இப்படியிருந்தும் முதல் மேப்பைக் கணிக்கச் சொன்னால் பலரும் எது பெரிய அணி என்றுதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, அந்த மேப்பை யார் கேட்டு வாங்கினார்கள் என்பதை.

மூன்று மேப் ஆட்டத்துக்கு ஏழு மேப்கள் மேசையில் இருக்கும். இரு அணிகளும் ஆளுக்கொன்றை பேன் செய்து (விலக்கி), ஆளுக்கொன்றை பிக் செய்வார்கள் (தேர்ந்தெடுப்பார்கள்). மீதி மூன்றில் மேலும் இரண்டு கழிந்தால் எஞ்சுவது கடைசி மேப். முதலில் பிக் செய்யப்பட்டதே முதலில் ஆடப்படும். பிக் செய்த அணி அதை வாரக்கணக்கில் பழகியிருக்கும். எந்தச் சுவரோரம் நின்று புகைக்குண்டை வீசினால் எந்த வாசல் மறையும் என்பது கைக்கே பழகியிருக்கும். ஆனால் தாக்கும் பக்கம், காக்கும் பக்கம் இரண்டில் எதில் தொடங்குவது என்பதை எதிரணிதான் முடிவு செய்யும். ஆகவே பிக் ஒரு சாய்வுதான், உத்தரவாதமல்ல.

வலுவான அணி எந்த மேப்பிலும் வெல்லாதா? இடைவெளி பெரிதென்றால் வெல்லும், அங்கே கணிப்புக்கே வேலையில்லை. நெருங்கிய அணிகளில் கதை வேறு. ஒவ்வொரு மேப்பிலும் 60 சதவீத வாய்ப்புள்ள அணிக்கு மூன்று மேப் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 65 சதவீதம். தொடர் நீள நீள வலுவான அணி தெளியும். ஒற்றை மேப்பில் தற்செயலுக்கு இடம் அதிகம். 2023இல் வந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 அந்த இடத்தை இன்னும் விரித்தது. ஒரு மேப்பை வெல்ல முன்பு 16 சுற்று வேண்டும், இப்போது 13 போதும். இரு பாதிகளின் தொடக்கத்திலும் வரும், கைத்துப்பாக்கியோடு ஆடும் பிஸ்டல் சுற்று மட்டும் குறையவில்லை. அதில் தோற்றவர்கள் ஆயுதம் வாங்கக் காசில்லாமல் அடுத்த சுற்றையும் இழப்பது வழக்கம் என்பதால் அதன் கனம் கூடிவிட்டது.

அந்த மேப்பில் அணியின் வெற்றி விகிதத்தைப் பார்த்தால் போதாதா என்பார்கள். போதாது. ஓர் அணி சொதப்பும் மேப்பை அதுவே பேன் செய்துவிடும், கலக்கும் மேப்பை எதிரிகள் பேன் செய்வார்கள். கணக்கில் மிஞ்சுவது சில ஆட்டங்களே, அவையும் பெரும்பாலும் பழையவை. அட்லாண்டாவில் நியூக்கில் தோற்ற அதே ஆஸ்ட்ராலிஸ், பின்னர் நேரடி அரங்கப் போட்டிகளில் அதே நியூக்கில் தொடர்ந்து 31 முறை வென்றது. இடையில் ஐவரில் மாறியது ஒரே ஆட்டக்காரர். 2017இன் விகிதத்தை வைத்துக்கொண்டு 2018இல் அவர்களுக்கு எதிராகக் கணித்தவர் எத்தனை தசமப்புள்ளி வரை கணக்குப் போட்டிருந்தாலும் தேறியிருக்க மாட்டார்.