மகாவிசுவாசம்

மகாவிசுவாசம் என்பது, தன்னைச் சரணடைந்தவரைக் காப்பதாக இறைவன் அளித்த வாக்கு பொய்க்காது என்னும் உறுதியான நம்பிக்கையைக் குறிக்கும் வைணவக் கலைச்சொல் ஆகும். சரணாகதியின் ஐந்து அங்கங்களுள் இது ஒன்று. இறைவனுக்கு உகந்ததைச் செய்ய உறுதி கொள்ளல், உகவாததைத் தவிர்த்தல், தன் இயலாமையை உணர்தல், காக்கும்படி வேண்டல் ஆகியவை ஏனைய நான்கு.

இறைவனின் வாக்குகள்

இறைவனே அளித்த மூன்று வாக்குகளைச் 'சரம சுலோகங்கள்' என்று வைணவர் போற்றுகின்றனர். அவை வராகர் பூமிப்பிராட்டிக்கும், வீடணன் அடைக்கலம் தேடி வந்தபோது இராமர் வானர வீரர்களுக்கும், கண்ணன் அருச்சுனனுக்கும் கூறியவை. மூன்றாவது பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் 66ஆம் சுலோகமாக உள்ளது. பாவங்களிலிருந்து விடுவிப்பதாக அது உறுதியளிக்கிறது; வாழ்வில் துன்பமே வராது என்று கூறவில்லை. எனவே துன்பம் வந்ததைக் கொண்டு வாக்கு பொய்த்தது என்று கருத இடமில்லை.

திருவல்லிக்கேணி

கீதை உரைத்த தேரோட்டியின் பெயராலேயே சென்னை, திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் வழங்குகிறது. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்தை, அருகிலுள்ள மயிலாப்பூரில் அவதரித்த பேயாழ்வார் பாடியுள்ளார். மூலவர் வேங்கடகிருஷ்ணர் சக்கரம் இன்றிச் சங்குடன் காட்சி தருகிறார். பாரதப் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று கண்ணன் கூறிய வாக்கை இது நினைவூட்டுவதாகக் கொள்வர். உற்சவரின் திருமுகத்தில் உள்ள வடுக்கள், அருச்சுனனுக்காகத் தேரின் முன் அமர்ந்து ஏற்ற பீஷ்மரின் அம்புகளால் உண்டானவை என்பது மரபு.

ஐயத்தின் விளைவு

இதனை விளக்க ஆசாரியர்கள் இராமாயண நிகழ்ச்சி ஒன்றைக் காட்டுவர். பிரம்மாத்திரத்தால் கட்டுண்ட அனுமனை அரக்கர் கயிறுகளாலும் கட்டினர். உடனே அத்திரம் தன் பிடியைத் தளர்த்தியது. அதுபோலச் சரணடைந்த பின்னும் அது போதாதென்று வேறு வழி தேடினால் சரணாகதி பயனற்றுப்போகும் என்பது கருத்து. தன் குறைகளை எண்ணுபவருக்கு இத்தகைய ஐயம் எளிதில் எழும். அதையும் கடந்து நிற்பதாலேயே இது வெறும் விசுவாசம் என்னாது 'மகாவிசுவாசம்' எனப்படுகிறது.

இரு மரபுகள்

வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், இந்நம்பிக்கையைச் சரணாகதிக்கு இன்றியமையாத அங்கமாகக் கொள்கின்றனர். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையார், சரணடைபவரிடம் இது இயல்பாகவே அமையும் என்றும், நம்பிக்கையையும் ஒரு சாதனமாகக் கருதலாகாது என்றும் கூறுவர். எனினும், காப்பாற்றுவது நம்புபவரின் தகுதியன்று, வாக்களித்தவரின் அருளே என்பதில் இரு மரபினரும் ஒன்றுபடுகின்றனர்.