தோமையார் தமிழகம் வந்தாரா? - சான்றுகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கர்ணபரம்பரைக் கதையும் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. கண்ணிழந்த பாணன் ஒருவன் அரசன் அவையில் யாழ் வாசித்து, மணல் மேடாகக் கிடந்த இந்நிலத்தைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் கதையை இங்குள்ள சிறுவரும் அறிவர். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அதனை எழுத்தில் நிறுத்தியது. ஆயின், அப்பாணன் வாழ்ந்தான் என்பதற்கு அவன் காலத்துக் கல்வெட்டோ செப்பேடோ கிடைத்திலது. இக்கதைகளை உரைகல்லில் வைத்துத் தேய்த்துப் பார்த்தவருள் முதன்மையானவர் நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர். கத்தோலிக்கக் குருவாகிய அவர் 1928ஆம் ஆண்டு வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தைச் சைவ அறிஞரும் விரும்பிக் கற்றனர். நமது ஐதிகத்துக்கு அவர் பிடித்த அளவுகோலைக் கிறித்தவ ஐதிகம் ஒன்றுக்குப் பிடித்துப் பார்ப்பது பகைமையாகாது. அவ்வளவுகோலுக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் ஐதிகம் வருமாறு: யேசுநாதரின் பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் கி. பி. 52இல் மலையாளக் கரையிலுள்ள கொடுங்கல்லூரில் இறங்கினார். அங்கே ஏழு கோயில்களை நிறுவினார். பின் சோழ மண்டலக் கரைக்குச் சென்று, கி. பி. 72இல் மயிலாப்பூரில் ஈட்டியாற் குத்துண்டு இறந்தார். இது மெய்யாயின், உரோமாபுரி கிறித்தவத்தை ஏற்பதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே அச்சமயம் தமிழ்நாட்டில் வேரூன்றியது என்று கொள்ளல் வேண்டும். மெய்யன்றாயின், கேரளத்துச் சிரியன் கிறித்தவர் தம் குடிப் பெருமைக்கு அடியாகக் கொண்ட ஒன்று கதையளவாய் நின்றுவிடும். எப்பக்கம் சாயினும் பொருள் சிறிதன்று.

சீடரைப் பற்றி ஆராயுமுன் குருவைப் பற்றிய சான்று எத்தகையது என அறிதல் நன்று; அளவுகோலின் நீளம் அதனால் விளங்கும். யேசுநாதர் என ஒருவர் இருந்ததேயில்லை என்று சொல்வார் சிலர் உளர். ஆயின் கிறித்தவர் அல்லாத எழுத்தாளரே அவரைக் குறித்துள்ளனர். உரோம வரலாற்றாசிரியர் தசிற்றசு ஏறத்தாழக் கி. பி. 116இல் எழுதியபோது, நீரோ மன்னன் காலத்து 64ஆம் ஆண்டுத் தீ விபத்தைக் கூறுமிடத்தில், கிறித்தவர் என்னும் பெயருக்கு மூலமானவர் திபேரியு காலத்தில் பொந்தியு பிலாத்துவினால் மரண தண்டனை பெற்றார் என்று இகழ்ச்சி தோன்றவே குறிக்கின்றார். இகழ்வோன் தரும் சான்று புகழ்வோன் தரும் சான்றினும் வலியது. யூத வரலாற்றாசிரியர் யோசேபசு 93 அல்லது 94இல் முடித்த நூலில் யேசுவைப் பற்றி இரண்டிடங்களில் வருகின்றது. அவற்றுள் நீண்ட பகுதியில் பிற்காலக் கிறித்தவர் கை புகுந்தது என்பது பெரும்பான்மையோர் துணிபு. கிறித்து எனப்பட்ட யேசுவின் சகோதரர் யாக்கோபு என்று போகிற போக்கிற் கூறும் மற்றையதை மறுப்போர் மிகச் சிலரே. இவற்றுக்கு முன்னரே, 50ஆம் ஆண்டுகளில், பவுல் எழுதிய நிருபங்களில் அந்த யாக்கோபைத் தாம் நேரிற் கண்டதாகக் கூறுகின்றார். பிலாத்துவின் பெயர் பொறித்த கல் ஒன்றும் செசரியாவில் 1961இல் வெளிப்பட்டது. அற்புதங்களை ஏற்பதும் ஏற்காமையும் சமயத்தின்பாற்படும். அந்த மனிதர் வாழ்ந்தார், சிலுவையில் இறந்தார் என்பது வரலாற்றின்பாற்பட்டது. அதனை இன்று மறுக்கும் வரலாற்றறிஞர் அரியர்.

இனி, சீடர்க்கு இத்தகைய சான்று உண்டோ எனின், ஒரு நூற்றாண்டுக்குள் எழுதப்பட்டது ஒன்றும் இல்லை. முதன்முதல் விரிவாகப் பேசுவது தோமையார் நடபடிகள் என்னும் சிரிய மொழி நூல். அது கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எடெசா நகர்ப் பக்கத்தில் எழுந்தது என்பர். அதன் கதை சுவையானது. சீடர்கள் திருவுளச்சீட்டுப் போட்டு உலகைப் பங்கிட்டபோது இந்தியா தோமையாருக்கு விழுகின்றது. அவர் போக மறுக்கின்றார். உடனே யேசுநாதர், தச்சன் ஒருவனைத் தேடிவந்த அப்பான் என்னும் வணிகனுக்கு அவரை அடிமையாக விற்றுவிடுகின்றார். வணிகனை அனுப்பியவன் குதினபர் என்னும் இந்திய அரசன். அவன் மாளிகை கட்டக் கொடுத்த பொருளை அவர் ஏழைகட்கு ஈந்து, மாளிகை விண்ணுலகில் எழுந்தது என்கின்றார். அரசன் சினக்கின்றான், இறந்து மீண்ட அவன் தம்பியோ அம்மாளிகையைத் தான் கண்டதாகச் சாட்சி பகர்கின்றான். குதிரை வாங்கக் கொண்டுவந்த அரசன் பொருளைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகர் வரலாற்றைக் கற்றவர் இவ்விடத்திற் சற்று நின்றே செல்வர்.

நெடுங்காலம் இது முழுதும் கட்டுக்கதை என்றே ஒதுக்கப்பட்டது. குதினபர் என்றோர் அரசன் எந்த வரலாற்றிலும் காணப்பட்டிலன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானித்தானத்திலும் பஞ்சாபிலும் பழங்காசுகள் திரட்டப்பட்டபோது கொந்தோபரசு என்னும் பெயர் பொறித்த காசுகள் பல வெளிவந்தன. பின்னர்த் தக்த்-இ-பாகியிற் கிடைத்த கல்வெட்டு அவ்வரசனின் 26ஆம் ஆட்சியாண்டை ஓர் ஊழியின் 103ஆம் ஆண்டோடு பொருத்திக் காட்டிற்று. அவ்வூழியை விக்கிரம சகமாகக் கொண்டோர் அதனைக் கி. பி. 46 எனக் கணித்தனர். அஃதாவது, கதை கூறும் காலத்தில், வடமேற்கு இந்தியாவில் அப்பெயருடைய பார்த்திய அரசன் மெய்யாகவே ஆண்டான். உலகம் மறந்துவிட்ட மன்னன் ஒருவன் பெயரைச் சிரிய நூலொன்று காத்து வைத்திருந்தது.

இக்கண்டுபிடிப்பைக் கேட்ட அளவில், வழக்கு முடிந்தது என்று கூறுவாரும் உளர். அது அவசரம். அரசன் பெயர் மெய் என்பதனால் அவனைச் சந்தித்தவர் கதையும் மெய்யாகிவிடாது. சரித்திர நாவல்களில் மெய்யான மன்னர் வாராமலா இருக்கின்றனர்? எடெசாவுக்கும் வடமேற்கு இந்தியாவுக்கும் இடையே வணிகர் போக்குவரவு இருந்தது. அவர் வாயிலாக அப்பெயர் சென்றிருக்கலாம். மேலும், அக்காசுகள் கிடைத்த நாடு தமிழ்நாட்டுக்கு மிகத் தொலைவானது. ஒரிசன் கூறியதாக எயுசேபியு நான்காம் நூற்றாண்டிற் குறிப்பதும், தோமையார்க்குப் பார்த்திய நாடு பங்காக விழுந்தது என்பதே. அவர் உயிர்நீத்த இடமாக நடபடிகள் நூல் சொல்வது மசுதாய் என்னும் மன்னன் நாடு. அப்பெயர் பாரசீகச் சாயலுடையது. சேர சோழ பாண்டியர் பெயர் எதனோடும் இயைவதன்று. எலும்புகளை மேற்கே கொண்டு போயினர் என்றும் அந்நூல் கூறும். நான்காம் நூற்றாண்டில் எப்பிரேம் என்னும் சிரியப் புலவர் அவ்வெலும்புகள் எடெசாவில் இருப்பதைப் பாடினார். பின் அவை கியோசு தீவு சென்று, 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகரை அடைந்தன என்பர்.

தென்னாட்டுக்கு அவர் வந்திருத்தல் இயலாது என்பதும் பொருந்தாது. இயலுமோ என்பது ஒரு வினா. நிகழ்ந்ததோ என்பது வேறு வினா. முதல் வினாவுக்கு விடை ஐயமின்றி ஆம் என்பதே. பருவக்காற்றின் துணையால் செங்கடலிலிருந்து நேரே முசிறிக்கு வந்த கப்பல்களை அந்நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி நூல் கூறுகின்றது. பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்த யவனர் மரக்கலங்களை அகநானூறு கூறுகின்றது. அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்தபோது உரோமர் மட்கலம் வெளிப்பட்டது. எகிப்திலிருந்து ஒருவர் புறப்பட்டுச் சேர நாட்டில் இறங்குவது அக்காலத்தில் ஆண்டுதோறும் நடந்த செயல். எனினும் கப்பல் இருந்தது என்பதனால் இன்னார் அதில் ஏறினார் என்பது பெறப்படாது.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். கொஸ்மாசு என்னும் அலெக்சாந்திரிய வணிகர் ஏறத்தாழக் கி. பி. 550இல் எழுதிய நூலில், தப்பிரபேன் ஆகிய இலங்கையிற் பாரசீகக் கிறித்தவர்க்கு ஒரு கோயிலும், பாரசீகத்திலிருந்து நியமனம் பெற்ற குருவும் உண்டென்றும், மிளகு விளையும் மலைநாட்டிலும் கிறித்தவர் உளரென்றும் குறிக்கின்றார். அனுராதபுரத்தில் 1912இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை இக்கூற்றுக்கு அரண் செய்கின்றது. ஆயின் கொஸ்மாசு தோமையார் பெயரையோ கல்லறையையோ சொல்லவில்லை. வாயில்லாச் சாட்சி என்று இதனைத் தள்ளலாம். கிறித்தவ ஆர்வம் மிக்க அப்பயணியார் அத்தகைய புகழிடம் ஒன்றைக் கேள்வியுற்றிருந்தால் விடுவாரா என்று மாறியும் கேட்கலாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்த சுவாமிகள் மயிலைப் பூம்பாவைப் பதிகத்தில் அவ்வூர்த் திருவிழாக்களை வரிசையாகப் பாடினார். அங்கும் இதற்குக் குறிப்பில்லை. ஆனால் சிவன் விழாவைப் பாடிய பதிகத்தில் அதனைத் தேடுவது முறையுமன்று.

மயிலாப்பூரெனத் தெளிவாகக் கொள்ளத்தக்க குறிப்பு பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றுகின்றது. 1293ஐ அடுத்து மாபாருக்கு வந்த மார்க்கோ போலோ, வணிகர் அதிகம் செல்லாத சிற்றூர் ஒன்றில் தோமையார் கல்லறை உண்டென்றும், கிறித்தவரும் முசுலிம்களும் அதனை வணங்குவரென்றும், அவ்விடத்துச் செம்மண்ணை நீரிற் கரைத்துக் காய்ச்சலுக்குக் கொடுப்பரென்றும் எழுதினார். அவர் கேட்ட மரணக் கதையோ முற்றிலும் வேறு. தோமையார் காட்டில் வழிபாட்டில் இருந்தபோது சுற்றிலும் மயில்கள் மேய்ந்தன. மயில் வேட்டையாடிய ஒருவன் அம்பு தவறி அவர்மேற் பட்டது என்பதே அக்கதை. ஊர்ப்பெயரில் உள்ள மயில் கதைக்குள் புகுந்துகொண்டது போலும்! ஈட்டி கொண்ட வீரர் நால்வர் அரசன் ஆணையாற் குத்தினர் என்னும் சிரியக் கதையும் இதுவும் ஒருங்கே மெய்யாதல் கூடாது.

பின் வந்த போர்த்துக்கேயர் 1523இல் அக்கல்லறையைத் தோண்டி எலும்பு கண்டனர். எலும்பு கண்டதில் ஐயமில்லை. யாருடையது என்பதே வினா. 1547இல் பரங்கிமலையிற் சிலுவை பொறித்த கல்லொன்று கிடைத்தது. அதனைச் சுற்றியுள்ள எழுத்துப் பாரசீகரின் பகலவி எழுத்து; ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டினது என்பர். முதல் நூற்றாண்டுக்கு அது சான்றாகாது, பாரசீகக் கிறித்தவர் அங்கு இருந்தமைக்கு நல்ல சான்றாகும். ஏழு கோயில்களைக் கூறும் மலையாளப் பாட்டு 1601இல் எழுத்தில் வந்தது என்று அதனைப் போற்றுவோரே கூறுவர். நிகழ்ச்சிக்கும் அவ்வேட்டுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டு கிடக்கின்றது.

இந்த ஆராய்ச்சியில் தமிழர்க்குச் சினம் மூட்டுவன இரண்டு. ஒன்று, திருவள்ளுவர் மயிலையிற் கிறித்தவ போதகரோடு பழகியிருக்கலாம் என்று 1886இல் போப்பையர் குறள் மொழிபெயர்ப்பு முன்னுரையில் ஊகித்தமை. அவ்வூகத்தின் மேற் பிற்காலத்தார் சிலர் மாளிகையே எழுப்பினர். தோமையார் வருகையே நிறுவப்படாதபோது வள்ளுவரை அவர்க்கு மாணாக்கராக்குதல் அத்திவாரமின்றிச் சுவர் எழுப்பும் வேலை. மற்றையது, பழைய கபாலீசுவரம் கடலோரத்தில் இருந்ததெனவும் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்ததெனவும் கூறும் வழக்கு. சாந்தோம் கோயிலிற் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தமை அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்ட வரலாறு அறிந்த நமக்கு அது நம்பவொண்ணாச் செய்தியன்று. ஆயினும் போர்த்துக்கேயர் செய்த குற்றம் வேறு, தோமையார் வந்தாரா என்பது வேறு. அவர்மேல் உள்ள கோபத்தால் மார்க்கோ போலோவின் ஏட்டைக் கிழித்தல் ஆகாது. கல்லறையை மார்க்கோ போலோ குறித்தது போர்த்துக்கேயர் வருகைக்கு இருநூறு ஆண்டு முன்னரன்றோ?

கிறித்தவ உலகிலும் இவ்விடயத்தில் ஒரே கருத்து நிலவியதில்லை. 2006ஆம் ஆண்டு செத்தெம்பரில் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் தோமையாரைப் பற்றிப் பேசுகையில், அவர் மேற்கு இந்தியாவரை சென்றார், கிறித்தவம் அங்கிருந்து தென்னாட்டை அடைந்தது என்ற பொருள்படக் கூறினார். கேரளத்தில் அது பெருங் கலக்கத்தை விளைத்தது.

ஆகவே சான்றுகள் தரும் துணிபு இதுவாம்: வடமேற்கில் அவர் வந்திருத்தல் கூடும், தெற்கில் வந்தார் என்பது நிறுவப்படாத, ஆயின் இயலாததுமன்றான, பழைய நம்பிக்கை. ஐயமற நிற்கும் நிலம் கி. பி. 849இலேயே காலுக்குத் தட்டுப்படுகின்றது. அவ்வாண்டு வேணாட்டு அய்யனடிகள், தாணு இரவி என்னும் சேரமன்னனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் அளித்தான். அச்செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் முடிவிற் சாட்சிகளாகக் கையொப்பமிட்டோர் அவரவர் எழுத்திலேயே இட்டனர்: முசுலிம் வணிகர் அரபு எழுத்திலும், பாரசீகர் பகலவியிலும், யூதர் எபிரேய எழுத்திலும்.