மாநகராட்சிக்குள் ஒரு தனி ஊர்! ஊரூர் குப்பத்து மணல் யாருக்கு சொந்தம்?

சென்னை:
அபிராமபுரத்தில் ஆட்டோ பிடித்து அடையாறு ஆற்றை தாண்டினால் பெசன்ட் நகர். எலியட்ஸ் பீச்சில் சுண்டல் கொறிக்க வருகிற பலருக்கு, வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு முழு கிராமமே இருப்பது தெரியாது. அதுதான் ஊரூர் ஆல்காட் குப்பம். அடையாறில் 1882-ல் குடியேறிய பிரம்மஞான சபையை தொடங்கியவர்களில் ஒருவரான ஆல்காட்டின் பெயர் இப்படி மீனவர் வாயிலும் நிலைத்துவிட்டது.

மாநகராட்சி கணக்கில் இது தனி ஊர் கிடையாது. 200 வார்டுகளில் ஒன்றின் மூலை, அவ்வளவுதான். 1994-ம் ஆண்டு ஊராட்சி சட்டம் நகரத்துக்குள் செல்லாது.

ஆனாலும் ஊர் பஞ்சாயத்து உண்டு. தேர்தல் கமிஷன் நடத்துவது அல்ல, ஊரே கூடி வைத்துக்கொண்டது. வலை தகராறு, திருவிழா வரி, சாவு விழுந்தால் அன்று கடலுக்கு போவதா வேண்டாமா, எல்லாம் அங்கேதான் முடிவாகும். 2004 சுனாமிக்கு பிறகு தமிழக கடலோரத்தில் பல ஊர்களில் நிவாரணத்தை பிரித்துக்கொடுத்ததும் இந்த மாதிரி பஞ்சாயத்துகள்தான். மீன் விற்று வீட்டை நடத்தும் பெண்களுக்கு மட்டும் இந்த கூட்டங்களில் இடம் குறைவு. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மணலில்தான் சிக்கல்

படகு ஏற்ற, வலை காயவைக்க, கருவாடு போட, பெரிய வலை இழுக்க எல்லாவற்றுக்கும் கரை மணல் வேண்டும். அது தனி ஆளுக்கு சொந்தமில்லை, ஊருக்கு பொது. ஆபீசில் உட்கார்ந்து காகிதத்தை பார்ப்பவருக்கோ அது சும்மா கிடக்கும் புறம்போக்கு!

கலங்கரை விளக்கத்தில் இருந்து கொட்டிவாக்கம் வரை உயர்மட்ட சாலை போடலாம் என்று 2010 வாக்கில் பேச்சு வந்தபோது, கரையோர குப்பங்கள் பதறியது இதனால்தான். பக்கத்திலேயே 1967-ல் கட்டி 1977-ல் வெள்ளத்தில் உடைந்த பாலம் இன்னும் அப்படியே நிற்கிறது. மீனவர் ஆற்றை கடக்க உதவிய அதை சரிசெய்ய யாரும் அவசரப்படவில்லை.

2011 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஒரு பிடி கொடுத்தது. மீனவ கிராமங்களையும், மீன் காயவைக்கும் களம் போன்ற பொது இடங்களையும் சர்வே வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. வரைபடத்தில் விட்டுப்போனால் நாளைக்கு "இங்கே யாரும் இல்லையே" என்று சொல்லிவிடலாம். வரைவு வரைபடம் வெளியாகி மக்கள் கருத்து கேட்கும்போதே, எந்த மணல் எதற்கு என்று ஊர் பஞ்சாயத்து எழுதி மனு கொடுத்தால்தான் அது பதிவாகும்.